இஷ்டவியோகம்: மழலையை இழந்த இல்லம்

தியானம் நால்வகைப்படும் என்றும், ஆர்த்தமும் ரௌத்திரமும் பிறவிக்கு ஏதுவாவன, தருமமும் சுக்கிலமும் வீட்டிற்கு ஏதுவாவன என்றும் நம் ஆகமங்கள் கூறும். ஆர்த்தத் தியானம் மீண்டும் நான்காகப் பிரியும். விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிந்து போதல், நோயின் வேதனை, வரும் பயனை வேண்டி ஏங்குதல் என்பன அவை. இவற்றுள் விரும்பியதைப் பிரிதலாகிய இஷ்டவியோகத்தைப் பாடம் சொல்லும்போது பொருளிழப்பு, பதவியிழப்பு, மனைவியைப் பிரிதல், மக்களைப் பிரிதல் என எடுத்துக்காட்டுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு மேலே செல்வது வழக்கம். அவ்வரிசையில் மக்களைப் பிரிதல் என்பது ஒரு சொல்லாக வந்து ஒரு சொல்லாகவே போய்விடும். அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பது எவ்வளவு என்பதை இப்பாடத்தில் சற்று நின்று காண்போம்.

சிராவக சிராவகிகள் இதனைப் படிக்கும்போது தம் உறவிலோ தம் தெருவிலோ மழலையை இழந்த ஓர் இல்லத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வார்களாக. அப்படி ஓர் இல்லம் நினைவுக்கு வராதவர் நம்மில் அரியர்.

காஞ்சி மாநகரின் தெற்கே, பாலாற்றுப் பக்கம் அமைந்தது ஓரிக்கை. திருமழிசையாழ்வாரும் அவர் மாணாக்கர் கணிகண்ணரும் காஞ்சியை விட்டு வெளியேறியபோது, பெருமாளும் அவர்களுடன் சென்று ஓரிரவு இங்குத் தங்கினார் என்றும், ஓரிரவிருக்கை என்பதே மருவி ஓரிக்கை ஆயிற்று என்றும் வைணவப் பெருமக்கள் கூறுவர். ஜினகாஞ்சி எனப்படும் நம் திருப்பருத்திக்குன்றமும் காஞ்சி நகரை ஒட்டியே உள்ளமையால் இவ்வூர்ப் பெயர் நமக்குப் புதிதன்று. இங்கும் இதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பட்டு நெசவாளர் இல்லங்கள் பல. (பட்டு நூலுக்காகப் புழுக்கள் கொதிநீரில் மாள்வது பற்றி நமக்குள்ள அகிம்சைக் கேள்வி தனியானது. அதை இங்கு எடுக்கவில்லை. நெசவாளர் இல்லத்தைப் பற்றியே இங்குப் பேச்சு.)

நெசவாளிக்கு வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. தறியில் அமர்ந்தவருக்குத் துணையாகக் கரை நாடாவைத் தள்ள மற்றோர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அத்துணை மனைவியே. திண்ணையில் அமர்ந்து தார் சுற்றுபவள் பாட்டி. தவழும் குழந்தை தறிக்காலைப் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலில் எழுந்து நிற்கும். தறிச் சத்தத்திலேயே உறங்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும். அக்குழந்தை ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் செல்பவர் காலை ஒன்பது மணிக்கேனும் அந்த வீட்டை விட்டு வெளியே வரலாம். நெசவாளிக்கு அவ்வழியில்லை. குழந்தை நின்ற தறிக்கால் எதிரிலேயே இருக்கும். கணவனும் மனைவியும் ஒரே பாவின்முன் அருகருகே அமர்ந்தாகவேண்டும். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். முகூர்த்த நாளைக் குறித்துச் சேலைக்குச் சொல்லியவர்களோ காத்திருக்கமாட்டார்கள். துயரத்தைப் பற்றிய உண்மை ஒன்று இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரு குழந்தையின் மறைவு குடும்பத்தில் ஓர் ஆளைக் குறைப்பதோடு நில்லாது, எஞ்சியிருப்போர் ஒருவரோடொருவர் சேர்ந்து செய்யும் எல்லாவற்றின் தாளத்தையும் மாற்றிவிடுகிறது. வேறு தொழில் செய்வோர் வீடுகளிலும் இது நிகழ்கிறது. ஆனால் காதில் விழுவதில்லை.

நம் பாட்டிமார் காலத்தில் நிலைமை வேறு. 1971ல் நம் நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. 2020ஆம் ஆண்டின் கணக்கின்படி இந்தியாவில் அது 28 ஆகவும் தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்துள்ளது. தடுப்பூசியும், மருத்துவமனைப் பேறும், நல்ல குடிநீரும் கொணர்ந்த நற்பேறு இது. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. முற்காலத்தில் ஒரு மழலை மறைந்தால், 'நானும் இரண்டைக் கொடுத்தவள்தானம்மா' என்று சொல்லி அருகில் வந்தமரும் கிழவியர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தனர். அவர்கள் தத்துவம் பேசியதில்லை. அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தார்கள். இன்று மழலையை இழந்த இளந்தாய்க்குத் தன் வயதில் அவ்வாறு இழந்த ஒருத்தியைக் காண்பது அரிது. இழப்பு அருகிவிட்டது, அதனாலேயே இழந்தவர் தனிமை பெருகிவிட்டது.

தனிமையில் அழுவோரைப் பற்றிப் பேசுமுன், ஒரு நகரமே சேர்ந்து அழுத நாளையும் நினைவுகூர வேண்டும். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவிலிருந்த ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் சத்துணவுச் சமையலிடத்தில் பிடித்த தீ, மாடியிலிருந்த கீற்றுக் கொட்டகைக்குப் பரவிற்று. குறுகிய படிக்கட்டு, எரிந்து விழும் கூரை. 94 குழந்தைகள் மாண்டனர். பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். ஒரே வீட்டில் இரு குழந்தைகளை இழந்தவர்களும் அப்பெற்றோருள் இருந்தனர். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவ்விபத்தைச் சுட்டி, நாடு முழுவதும் பள்ளிகளில் தீப்பாதுகாப்பு கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. விபத்து பற்றிய வழக்கோ பத்தாண்டுகள் நடந்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் பதின்மரைக் குற்றவாளிகள் என்றும் பதினொருவரைக் குற்றமற்றவர் என்றும் கூறியது. அவ்வளவு காலமும் அப்பெற்றோர் நீதிமன்றப் படியேறி இறங்கினர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 அன்று அப்பள்ளியின்முன் கூடி, குழந்தைகளின் படங்களுக்கு மலர் தூவி விளக்கேற்றி வருகின்றனர்.

'இத்தனை ஆண்டு கழித்தும் ஏன் இன்னும்?' என்று கேட்போர் உளர். பற்றை விடச் சொல்லும் நெறியில் பிறந்த நாமும் சில வேளைகளில் அவ்வாறு கேட்டுவிடுகிறோம். அக்கூட்டத்தை ஊன்றி நோக்கினால் வேறொன்று தெரியும். அங்கு வருவோர்க்குத் தம்முள் விளக்கம் தேவையில்லை. குழந்தையின் பெயரைச் சொன்னாலே போதும். மற்றவர் முகம் சுளிப்பதில்லை, பேச்சை மாற்றுவதில்லை. இங்கிலாந்தின் கவண்ட்ரி நகர மருத்துவமனையில் 1968ல் இரு சிறுவர்கள் இறந்தபோது, அங்கிருந்த இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ் இதனையே கண்டார். தாம் கூறிய ஆறுதலைவிட அவ்விரு சிறுவர்களின் பெற்றோரும் ஒருவருக்கொருவர் அளித்துக்கொண்ட துணையே அவர்களைத் தாங்கிற்று. அவ்வறிவிலிருந்து 1969ல் தோன்றிய, பிள்ளையை இழந்த பெற்றோரின் சங்கம் பின்னர்ப் பல நாடுகளில் பரவியது. சமயம் கற்றவர் ஒருவர் தம் போதனையின் எல்லையை உணர்ந்து ஒதுங்கி வழிவிட்டார் என்பது நாம் கருதத்தக்கது.

கும்பகோணம் என்றதும் நம்மவர்க்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அந்நகர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது, நூலின் சமயப் பொருளை அவ்வூர்ச் சமண இல்லங்களுக்குச் சென்றே கேட்டுத் தெளிந்தார். 1887ல் சிந்தாமணி அச்சேறியது. திருத்தக்கதேவர் அருளிய அக்காப்பியத்தின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்திலேயே, மழலையை இழந்த இல்லம் ஒன்று இருக்கின்றது. சீவகன் பிறப்பையே நோக்கிச் செல்லும் நம் கண் அவ்வில்லத்தில் நிற்பதில்லை.

கட்டியங்காரனின் சூழ்ச்சியால் சச்சந்தன் மாள, மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெற்றாள் என்பது யாவரும் அறிந்தது. அவ்விரவில் அச்சுடுகாட்டிற்கு இராசமாபுரத்து வணிகன் கந்துக்கடன் ஏன் வந்தான்? பிறந்து மறைந்த தன் மகவை அங்கு விடுவதற்காக வந்தான். வெறுங்கையுடன் திரும்பவேண்டியவன் கையில் உயிருள்ள குழந்தையொன்று கிடைத்தது. அதனை எடுத்துச் சென்று, இறந்ததாக எண்ணிய மகன் உயிருடன் உள்ளான் என்று மனைவி சுநந்தையிடம் அளித்தான். அவளும் தன் மகன் என்றே தழுவினாள். பின்னர் அவளுக்கு நந்தட்டன் பிறந்தான். காப்பியம் அதன்பின் சீவகனோடு போய்விடுகிறது.

சற்று நில்லுங்கள். அவ்வீட்டில் உண்மையை அறிந்தவன் ஒருவனே. மனைவிக்கு இழப்பே இல்லை. கணவனுக்கோ இழப்பும் உண்டு, அதனைச் சொல்ல வாயும் இல்லை. தன் மகவைத் தன் கையாலேயே விட்டுவந்த இடத்தை மனைவிக்குக் காட்டவும் இயலாது. வளர்ந்த சீவகன் பாடசாலை செல்கையில் கந்துக்கடன் நெஞ்சில் மற்றொரு பிள்ளையின் வயதும் வளர்ந்திருக்குமன்றோ? தேவர் இதனை விரித்துப் பாடவில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கந்துக்கடன் நிலை காப்பியத்தோடு முடிந்ததன்று. நம் ஊர்ப்பக்கங்களில் சிறு மழலை இறந்தால் எரிப்பதில்லை, பெரும்பாலும் புதைப்பர். தந்தையும் ஓரிரு ஆண்களும் துணியில் சுற்றி எடுத்துச் செல்வர். பெண்கள் உடன் செல்வதில்லை. பல தாய்மார்க்குத் தம் குழந்தை எங்குள்ளது என்பதே தெரியாது. கேட்டாலும் 'தெரிந்து என்ன செய்யப்போகிறாய்' என்று வாயடைப்பர். பெரியோர்க்குச் செய்யும் நாட்கணக்கு மழலைக்கு இல்லை. வயது குறையக் குறையத் தீட்டு நாட்களும் குறையும். நாட்கள் குறைந்ததால் துயரமும் அந்த அளவே என்று உற்றார் எண்ணிவிடுகின்றனர். மூன்றாம் நாள் உறவினர் பேருந்து ஏறிவிடுவர். தந்தை அதற்கு முன்பே வேலைக்குத் திரும்பியிருப்பார். அவர் அழவில்லை என்பதைக் கண்டு மனைவி, 'இவருக்கு நெஞ்சில் ஈரமில்லை' என்று எண்ணுவாள். அவள் அழுகையைக் கண்டு அவர், 'நானும் அழுதால் இவளை யார் தேற்றுவது' என்று எண்ணுவார். இருவரும் ஒரே குழந்தைக்காக இருவேறு அறைகளில் துயருறுவர். பெரும் சண்டை எதுவும் நடவாமலே ஓர் இல்லறம் இவ்வாறு குளிர்ந்துபோவதை நாம் கண்டதில்லையா?

இது மென்மையான மனத்தின் குறை என்று கூறுவாரும் உண்டு. அவர் கருதவேண்டிய கணக்கு ஒன்று. டென்மார்க் நாட்டில் 1980 முதல் 1996 வரை பிள்ளையை இழந்த 21,062 பெற்றோரைப் பிற பெற்றோருடன் ஒப்பிட்ட ஆய்வு, 2003ல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. பிள்ளையை இழந்த தாய்மாரிடையே இறப்பு மற்றவரைவிட நூற்றுக்கு நாற்பதளவு மிகுந்திருந்தது. முதல் மூன்றாண்டுகளில் விபத்து, தற்கொலை போன்றவற்றால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. தந்தையரிடமும் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய இறப்பு மிகுந்தே காணப்பட்டது. ஆதலின் இழந்த தாய் பல வாரங்கள் உண்ணாமலும் உறங்காமலும் இருப்பாளாயின், 'நானும் அதனிடமே போகிறேன்' என்பாளாயின், அதனைப் புலம்பல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. 14416 என்ற அரசின் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. துயரத்தால் உண்ணாதிருத்தல் உபவாசமும் ஆகாது, சல்லேகனையும் ஆகாது. விரதம் என்பது தெளிந்த அறிவோடு ஏற்பது. இதனை நம் இல்லங்களில் வெளிப்படையாகச் சொல்லவேண்டியுள்ளது. ஏனெனில் நோன்பைப் போற்றும் குடும்பங்களில் தாய் உணவை மறுப்பது நோன்பு போலத் தோன்றி ஏமாற்றிவிடும்.

இனி இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். இழவு வீட்டிற்கு வந்தவர் வாயில் தவறாது எழும் சொல் வினை. 'எந்தப் பிறவியில் எந்தத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தாளோ' என்று ஒரு குரல். 'மருமகள் வந்த நேரம்' என்று மற்றொரு குரல். ஜாதகத்தை எடுத்துப் பார்ப்பவரும் உண்டு. கர்ம சித்தாந்தத்தை ஏனையோரினும் நுணுக்கமாக வகுத்த நெறி நம்முடையது. அந்நெறி இங்கு என்ன கூறுகிறது?

ஓர் உயிர் ஒரு பிறவியில் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்குக் காரணம் அவ்வுயிரே முன்பு கட்டிய ஆயுகர்மம். தாயின் வினை குழந்தையின் ஆயுளைக் குறைக்காது. தந்தையின் வினை அதனை நீட்டாது. ஒவ்வோர் உயிரும் தன் வினைப்பயனைத் தானே நுகர்கிறது என்பதே ஏகத்துவ பாவனையின் உயிர்நாடி. தாய் படும் துன்பம் அவளுடைய அசாதா வேதனீயத்தின் உதயம் என்று கூறலாம். குழந்தையின் மரணம் அவள் செய்தது என்று கூறுதல் சித்தாந்தத்திற்கே முரண். முற்பிறவியில் அவள் செய்தது இன்னது என்று அறிவிக்கக் கேவலஞானியோ அவதிஞானியோ வேண்டும். இழவு வீட்டுத் திண்ணையில் அத்தகையோர் யாரும் அமர்ந்திருப்பதில்லை.

இது மட்டுமன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் அசாதா வேதனீயம் வந்து ஒட்டும் வாயில்களைக் கூறுகிறார். தனக்கோ, பிறர்க்கோ, இருவர்க்குமோ துன்பத்தையும் சோகத்தையும் கதறலையும் உண்டாக்குதல் அவ்வாயில் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. பழிச்சொல்லால் அழுதுகொண்டிருப்பவளை மேலும் அழவைத்தவர், அவளுடைய பழவினையை எண்ணிச் சொன்ன அதே வேளையில் தமக்குப் புதுவினையைக் கட்டிக்கொண்டார். தனக்கு விளைத்தலும் அச்சூத்திரத்தில் சொல்லப்பட்டமையால், தாயும் ஓயாத சோகத்தில் தன்னை வாட்டிக்கொள்ளலாகாது என்பது பெறப்படும். உண்மையே. ஆனால் அப்பகுதி அவளுக்குரியது. அவள் படிக்கவேண்டிய வரியை நாம் எடுத்து அவள்மேல் எறிதல் தகாது.

அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. ஆர்த்தத் தியானம் யார்யாரிடம் நிகழும் என்று ஆசிரியரே வரையறுக்கிறார். விரதம் ஏலாதவர், அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார், இவர்களோடு பிரமத்த நிலையிலுள்ள முனிவரிடமும் அது தோன்றக்கூடும். அதாவது ஆறாம் குணஸ்தானம் வரை இஷ்டவியோகத்தின் துயருக்கு இடமுண்டு. பிஞ்சுக் குழந்தையைப் புதைத்து ஒரு மாதமே ஆன ஓர் இல்லாளிடம், 'இன்னும் அழுகிறாயே, சமணத்தில் பிறந்தவளா நீ' என்று கேட்பவர், முனிவர்க்கும் நேரக்கூடியது என்று சாத்திரம் ஒப்பிய ஒன்றை நான்காம் ஐந்தாம் படிகளில் நிற்பவளிடம் குற்றமாகக் காண்கிறார்.

துயரில் ஆழ்ந்தவரை எவ்வாறு மீட்பது என்பதற்கும் நம் புராணங்களில் வழியுண்டு. இரவிசேனர் இயற்றிய பதும புராணத்தில் (நம் ஸ்ரீபுராணத்து இராமகதை வேறு மரபைத் தழுவியது) இலக்குவன் இறந்தபின், பலபத்திரனாகிய இராமன் அவ்வுடலைச் சுமந்துகொண்டு ஆறு திங்கள் திரிகிறான். நீராட்டுகிறான், உணவூட்ட முயல்கிறான், உறங்குகிறான் என்கிறான். அப்பிறவியிலேயே வீடடையப்போகும் சலாகாபுருடனுக்கே ஆறு மாதம்! அவனை மீட்க வந்தவர் முன்பு அவனுடைய சேனாபதியாயிருந்து தேவனான கிருதாந்தவக்திரனும், சடாயுவாயிருந்து தேவனானவனும். அவர்கள் நிலையாமை பற்றிப் பேருரை ஆற்றவில்லை. பட்டமரத்திற்கு நீர் ஊற்றினர், பாறையில் விதைத்தனர், மணலைப் பிழிந்து எண்ணெய் தேடினர். பின் தாமும் ஒரு பிணத்தைத் தோளில் சுமந்து அவன் எதிரே வந்தனர். அவன் கேட்டான், கேட்டபோது தானே உணர்ந்தான். அவனுடைய சுமையைத் தாமும் தோளில் ஏற்றிக்கொண்ட பின்னரே அவர்கள் பேச்சு அவன் காதில் ஏறிற்று என்பதை நோக்குக.

ஆகவே, பன்னிரு அனுப்பிரேட்சைகளில் அநித்தியம், அசரணம் முதலியன தன் மனத்தில் தானே மீள மீள எண்ணுதற்கு வகுக்கப்பட்டவை. அனுப்பிரேட்சை என்னும் சொல்லே அதனை உணர்த்தும். ஓரிக்கை என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஓரிரவு தங்கிச் சென்ற விருந்தாளி என்று இறந்த குழந்தையை நினைப்பது அழகிய நினைவுதான். தாய் தானே என்றோ ஒரு நாள் அவ்வாறு நினைப்பாளாயின் அது மருந்து. பக்கத்து வீட்டார் பத்தாம் நாள் வந்து அதனைச் சொல்வாராயின் புண்ணில் உப்பு. சொல் ஒன்றே, சொல்பவரும் காலமும் வேறு. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாயிருத்தல் அவற்றின் இயல்பு என்று ஐந்தாம் அத்தியாயம் கூறுவதே உற்றாருக்குரிய பாடம். சமைத்துக் கொடுத்தல், தறி வேலையோ கடை வேலையோ ஒரு வாரம் ஏற்றுக்கொள்ளுதல், மூன்றாம் நாளன்றி மூன்றாம் மாதமும் சென்று பார்த்தல் ஆகியன அதில் அடங்கும். மூன்றாம் மாதம் மிக முக்கியம்; அப்போதுதான் எவரும் வருவதில்லை.

இவ்வளவும் பேசி, வீட்டின் மூலையில் நிற்கும் மற்றொரு பிள்ளையை மறந்துவிடக்கூடாது. எஞ்சிய பிள்ளையே இவ்விழப்பில் மிகுந்த மாறுதலுக்கு ஆளாகிறது என்பது என் கருத்து. ஏழு வயது அக்காளுக்கு, 'பாப்பா ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லிவிடுவர். அவள் பேருந்து வரும்போதெல்லாம் வாசலில் நிற்பாள். 'உறங்கிவிட்டான்' என்று கேட்ட பிள்ளை இரவில் உறங்க அஞ்சும். தம்பியிடம் சண்டையிட்டபோது 'நீ செத்துப் போ' என்று என்றோ சொல்லியிருந்த பிள்ளை, தன் சொல்லால்தான் அது நிகழ்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கும். இறந்துவிட்டான், இனி வரமாட்டான், யார் சொல்லாலும் செயலாலும் அது நிகழவில்லை என மூன்றையும் தெளிவான சொற்களில் கூறுதல் வேண்டும். பொய் உரையாமை அணுவிரதங்களுள் ஒன்று. குழந்தையிடத்தும் அது விரதமே. இன்னும் சில பிள்ளைகள் திடீரென்று மிக நல்ல பிள்ளைகளாகிவிடுவர். அடம் இல்லை, விளையாட்டு இல்லை, அம்மாவை அழவைக்கும் எதுவும் இல்லை. உறவினர் அதனைப் புகழ்வர். அது புகழத்தக்கதன்று, கவலைக்குரியது. மறுபுறம், பறிகொடுத்த அச்சத்தால் பெற்றோர் எஞ்சிய பிள்ளையைத் தெருவில் விடாமல், குளத்தில் இறக்காமல் கட்டிக் காப்பர். அப்பிள்ளை இருவர் வாழ்வைத் தான் ஒருவனே வாழவேண்டியவனாகிறான்.

அடுத்துப் பிறக்கும் குழந்தை பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26ல் வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் மிகப் பலர். குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார் பலர் ஒரே நாளில் பிள்ளையற்றவர் ஆயினர். அவர்களுக்கு மீண்டும் மகப்பேறு வாய்க்க, மறு அறுவை சிகிச்சைக்குத் தமிழக அரசு 2005ல் உதவி அளித்தது. அவ்வாறு பிறந்த குழந்தைகள் பல வீடுகளில் விளக்கேற்றினர். ஆனால் போன பிள்ளையே திரும்பி வந்தது என்று அதே பெயரைச் சூட்டுவதை எண்ணிப் பார்க்கவேண்டும். நம் கொள்கைப்படி வந்த உயிர் வேறு. அதன் வினை வேறு. அதன் பயணம் வேறு. அன்னியத்துவ பாவனை இங்குப் பயன்படும். வந்த பிள்ளையை வந்த பிள்ளையாகவே காண அது கண் தரும். நந்தட்டன் நந்தட்டனாகவே வளர்ந்தான்.

இறந்தோர்க்கு இடும் பிண்டம் அவரைச் சென்று சேரும் என்று நம் நெறி கொள்வதில்லை. ஆகவே குழந்தை மறைந்த நாளில் நாம் செய்வன யாவும் இருப்போர் பொருட்டே. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் இயன்றது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். காய்ச்சலில் இழந்தவர் ஓர் ஏழைக் குழந்தையின் மருந்துச் செலவை ஏற்கலாம். பள்ளி செல்லும் வயதில் இழந்தவர் அவ்வகுப்பிற்குப் புத்தகங்கள் வாங்கித் தரலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே சென்று கொடுத்தல் நலம். ஆண்டில் ஒரு நாளேனும் இருவரும் அக்குழந்தையைப் பற்றி ஒரே இடத்தில் நின்று பேசியவராவர். தானத்திற்கு எழுதும் பெயரைக் 'குழந்தை நினைவாக' என்று விட்டுவிடாமல், வைத்த பெயரை முழுமையாக எழுதச் சொல்லலாம். எழுதும் பணியை எஞ்சிய அண்ணனிடமோ அக்காளிடமோ விடலாம். எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தால் போதும்.